எர்த் குழிக்கு நல்ல தண்ணி

1

போன சனிக்கிழமை கொட்டுகிற மழையில் ஒரு வீட்டுக்குப் பின்னால் நின்று, கசிகிற கரன்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் கம்பி அடித்துக்கொண்டிருந்தேன். நான் இருக்கும் டுனேடின், நியூசிலாந்தின் தெற்குக் கோடி. இங்கே மழையெல்லாம் ஒரு செய்தியே இல்லை. வெயில் அடித்தால்தான் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி அதைப் பற்றிப் பேசுவார். மண் வருஷம் முழுக்கச் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். செம்புக் கம்பியை நிமிர்த்திப் பிடித்துச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் மறுபேச்சில்லாமல் உள்ளே இறங்கிவிடும். இதே கம்பியைத் திண்டுக்கல் மண்ணில் அடித்துப் பாருங்கள். கம்பி வளையும், இல்லாவிட்டால் அடிக்கிற ஆள் வளைவான்.

எனக்கு இங்கே எலக்ட்ரீசியன் வேலை. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு என்று ஊரில் வாய்விட்டே கேட்டார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை, நான் ஏணியில் ஏறும்போது வந்து நின்று பார்ப்பதோடு சரி. எங்கள் கம்பெனி மாட்டுவது குளிர்காலத்தில் சூடும் கோடையில் குளிர்ச்சியும் தருகிற ஏ.சி. மிஷின். ஆனால் இந்த நாட்டில் அதை ஏ.சி. என்று சொன்னால் ஒருவருக்கும் புரியாது. இங்கே அதற்குப் பெயர் ஹீட் பம்ப். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வேலை முடிந்ததும் அந்த வீட்டு மூதாட்டி டீ போட்டுக் கொடுத்தார். உன் அம்மா வீட்டில் இந்த மிஷின் உண்டா என்று கேட்டார். "உண்டு, நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். நல்ல மகள் என்றார். அன்றைக்கு முழுக்க அந்தச் சர்ட்டிபிகேட்டோடு திரிந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது கிழிந்தது.

2

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, சோறு வடித்து வைத்துவிட்டு, காலிங் கார்டைச் சுரண்டித் திண்டுக்கல்லுக்குப் போன் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே அப்போதுதான் காலை. அம்மா ஆரோக்கியம் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். முதலில் என் மகள் ரோசியிடம் போனைக் கொடுப்பேன். ரோசிக்கு அம்மாச்சியிடம் பேச மூன்று வாக்கியம் உண்டு: எப்படி இருக்கீங்க, நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டாச்சு. அதை ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவாள். நானும் பிடித்துவைக்க மாட்டேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், ஒரு வருஷத்தில் 'ழ' மட்டும் வந்தது, மற்றதெல்லாம் போயே போய்விட்டது.

அன்றைக்கு அவள் கொஞ்ச நேரம் கூடவே நின்று கேட்டாள். போனை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மம்மி, தண்ணியில நல்ல தண்ணி, கெட்ட தண்ணின்னு ரெண்டு இருக்கா? அம்மாச்சி எர்த்துக்கு நல்ல தண்ணி குடுத்துட்டு வந்தாங்களாம். தினம் குடுப்பாங்களாம். எங்க டீச்சர்ட்ட சொல்லப்போறேன், எங்க அம்மாச்சி எர்த்தைக் காப்பாத்துறாங்கன்னு."

பிள்ளை எர்த் என்றதைப் பூமி என்று நினைத்துக்கொண்டாள். அவள் வகுப்பில் பூமியைக் காப்பாற்றுவது எப்படி என்று பாடம் நடக்கிறது. எனக்கு அந்த நிமிஷம் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிஷம் 'நல்ல தண்ணி' என்றது உறைத்தது.

திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். உப்புத் தண்ணி என்றால் தெரு போர் குழாயில் வருவது, குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. இரண்டையும் யாரும் கலக்கமாட்டார்கள். குடத்தைக்கூட மாற்றி வைக்கமாட்டார்கள். நல்ல தண்ணி என்றைக்கு வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும். வராத நாளில் லாரிக்கு நிற்க வேண்டும், இல்லையென்றால் சைக்கிளில் கொண்டுவருகிறவரிடம் காசுக்கு வாங்க வேண்டும். விருந்தாளிக்கு ஒரு செம்பு கொடுத்தால் மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை.

அந்தத் தண்ணீரை என் அம்மா ஏ.சி. மிஷினின் எர்த் குழியில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். மிஷின் மாட்டியது இரண்டாயிரத்து மூன்றில். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அப்படி ஊற்றச் சொன்னது யார் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தண்ணி வேண்டாம் என்று அவளிடம் சொன்னால், அம்மா, நீ இத்தனை வருஷம் பட்ட பாடு வீண் பாடு என்று சொன்ன மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் நாளைக்கும் அந்த முழங்காலோடு குடத்தைத் தூக்குவாள். இந்த இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

3

பம்ப் கதையைச் சொல்லாமல் இது புரியாது.

அப்பா சவரிமுத்து செம்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போட்டவர். கிணறு தூர்ந்து, ஆழப்படுத்தி, மறுபடியும் வற்றி, கடைசியில் பம்ப்செட்டைக் கழற்றி விற்றுவிட்டுத் திண்டுக்கல் டவுனுக்கு வந்தார். அப்போது நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். பம்ப்பை வண்டியில் ஏற்றும்போது அம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டாள். விற்கிற சாமானை எதுக்கு ஆரோக்கியம் துடைக்கிற என்று அப்பா கேட்டார், அவள் துடைத்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

இந்த நாட்டில் எனக்கு ஒழுங்கான வேலை கிடைத்த பிறகு, வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அரித்தது. அப்பாவுக்கு மார்கழிப் பனியில் இளைப்பு வரும். சித்திரை வெயிலில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மிஷின் என்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால், ரோசியைக் கூட்டிக்கொண்டு போனால் அவள் தூங்குவதற்கு ஓர் அறை வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன்: "அம்மா, வீட்டுக்கு ஒரு ஹீட் பம்ப் வச்சுத் தரப்போறேன்."

அந்தக் காலத்து லைன் உங்களுக்குத் தெரியும். பாதி வார்த்தையைக் கடல் குடித்துவிடும். அம்மா காதில் பம்ப் மட்டும் விழுந்தது.

"பம்பா! அடியாத்தீ. எத்தன அடி போகணும் தாயி?"

உள்ளே மாட்டும் பெட்டிக்கும் வெளியே வைக்கும் பெட்டிக்கும் நடுவில் செம்புக் குழாய் எவ்வளவு நீளம் போக வேண்டும் என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்தேன். பரவாயில்லையே, அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறதே என்று ஒரு பெருமை வேறு.

"பதினஞ்சு அடிக்குள்ள போதும்மா."

"பதினஞ்சு அடியிலயேவா வந்துரும்?"

"வந்துரும்மா. சூடாவும் வரும், குளுகுளுன்னும் வரும். பட்டனை மாத்திவிட்டாப் போதும்."

"சுடுதண்ணி வேறயா!" என்றாள் அம்மா. அதையும் நான் சரியாகக் கேட்கவில்லை. கார்டில் காசு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.

எங்கள் தெருவில் எண்ணூறு அடி போட்டும் புழுதி வந்த போர்கள் உண்டு. பதினைந்து அடியில் தண்ணீர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மா நம்பினாள். என் பிள்ளை வெளிநாட்டில் அதுக்கென்றே படிச்சவ, அங்க ஏதாச்சும் புதுசா வந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவிடமும் சொல்லியிருக்கிறாள். தெருவுக்கு ஒரு குழாய் வெளியே விட்டுருவோம், யாரும் இனிமே லாரிக்கு நிக்க வேணாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

மிஷின் மாட்ட வந்தவன் சேகர், என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். வீட்டிலிருந்தே எனக்குப் போன் போட்டான்.

"ஏ ஜெயா, என்னத்தச் சொல்லி வச்ச? ஒங்கம்மாவும் பக்கத்து வீட்டம்மாவும் புதுக் கொடத்தோட நிக்கிறாங்க. பெட்டியப் பிரிச்சதும், குழா எங்கன்னு கேக்குறாங்க."

ஒரு நொடிதான். புரிந்துவிட்டது. நான் சிரித்தேன். சும்மா இல்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அம்மா போனை வாங்கிக் காதில் வைத்த பிறகும் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா குரலைத் தாழ்த்தி, "சிரிக்காத தாயி, பார்வதி பக்கத்துல நிக்கிறா" என்றாள்.

அதற்கும் சிரித்தேன். இங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற பொங்கல் சாப்பாட்டில் அந்தக் கதையைச் சொன்னேன். நல்ல வரவேற்பு. அடுத்த பொங்கலுக்கும் கேட்டு வாங்கிச் சொல்லவைத்தார்கள். அம்மா குரலை அப்படியே செய்து காட்டுவேன், அதில் எனக்குக் கைதட்டல். சவம், எனக்கு அப்போது உறைக்கவில்லை.

4

சிரித்து முடித்ததும் நான் எலக்ட்ரீசியன் ஆகிவிட்டேன். சேகர் ஒன்றும் தெரியாதவன் இல்லை, ஆனாலும் அவனை விரட்டு விரட்டென்று விரட்டினேன்.

மிஷினுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும், மிக்சி ஓடுகிற பிளக்கிலிருந்து எடுக்கக் கூடாது. தனி பிரேக்கர். அதற்கேற்ற கனத்தில் ஒயர். வெளிப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச், நாளைக்கு யாராவது கழுவித் துடைக்க வந்தால் அங்கேயே அணைத்துவிட்டுக் கை வைக்க. மெயினை அணைத்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் ஒயரைத் தொடக் கூடாது. குழாயில் இருக்கிற காற்றை மிஷின் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் கூலிங் கேஸைத் திறந்துவிட வேண்டும்.

"நானும் ஒன் கூடத்தான் படிச்சேன் ஜெயா" என்றான் சேகர். "ஒன்னவிட ரெண்டு மார்க்கு கூட."

மிஷினுக்காக வீட்டுக்குக் கூடுதல் கரன்ட் கேட்டு, அதாவது லோடு கூட்ட, அப்பா கரன்ட் ஆபீசுக்குப் போனார். கூலரா ஹீட்டரா, ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்க பெரியவரே என்று கேட்டிருக்கிறார்கள். ரெண்டும்தான் என்றிருக்கிறார் அப்பா. திண்டுக்கல்லில் ஹீட்டர் போடுகிற முதல் ஆள் நீங்கதான் என்று அங்கிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். "எம் பிள்ள ஊர்ல எல்லார் வீட்டுலயும் இருக்காம் சார்" என்று அப்பா விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டு வந்தார். நாலு நடை நடந்த பிறகு வேலை முடிந்தது.

அந்த விஷயத்தில் எங்கள் நாட்டு ஆபீசைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இங்கே என் டிப்ளமாவை யாரும் சீந்தவில்லை. மறுபடியும் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எர்த்திங் பற்றி ஒரு கேள்விக்கு, கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுதினேன். திருத்தியவர் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். கூப்பிட்டும் கேட்டார்: பூமிக்குத் தண்ணீர் ஊற்றுவதா, எதற்கு? எங்கள் ஊரில் மண் காய்ந்துவிடும் என்றேன். மண் எப்படிக் காயும் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

எர்த் என்பது பெரிய கம்பசூத்திரம் இல்லை. மிஷினில் எங்காவது ஒயர் பழுதாகிக் கரன்ட் பெட்டிமேல் கசிந்தால், அது தொடுகிற ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் இறங்கிவிட ஒரு வழி. அதற்கு ஒரு குழி தோண்டி, நடுவில் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் உப்பும் அடுப்புக் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடுவார்கள். மேலே ஒரு புனல் இருக்கும், தண்ணீர் ஊற்ற. ஈரம் இருந்தால்தான் மண் கரன்டை வாங்கும். காய்ந்தால் வாங்காது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் மூன்றடிக்குக் கீழே பாறை. கடப்பாரை போட்டு உடைத்துத்தான் சேகர் குழி எடுத்தான்.

5

குழி மூடிய அன்றைக்குச் சேகர் போனை அம்மாவிடம் கொடுத்தான். நான் ஒன்றொன்றாகச் சொன்னேன். முதல் தடவை கரன்ட் கொடுத்துவிட்டு உடனே ஓட்டக் கூடாது, மிஷினைக் கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். கரன்ட் போய்ப் போய் வந்தால் செத்த நேரம் பொறுத்துத்தான் போட வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது. அம்மா ஒவ்வொன்றுக்கும் "சரி தாயி" என்றாள்.

கடைசியாகச் சொன்னேன்: "எர்த் குழிக்கு நல்லா தண்ணி ஊத்தும்மா."

"ஊத்தலைன்னா?"

"காஞ்சிரும். காஞ்சா ஆளையே அடிச்சிரும்."

"பிள்ள கை வச்சா?"

"யாரு கை வச்சாலும்தான்."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கசிவு வந்தால் பட்டென்று லைனை வெட்டுகிற கருவியையும் சேகரிடம் சொல்லி மாட்டியிருந்தேன். குழி கொஞ்சம் காய்ந்தாலும் உயிருக்கு ஒன்றும் வந்துவிடாது. ஆனால் சொன்னால் செய்வார்களோ மாட்டார்களோ என்று கொஞ்சம் பயமுறுத்தி வைத்தேன்.

நான் சொன்னது நல்லா தண்ணி ஊத்து. நிறைய ஊத்து என்று அர்த்தம். அம்மா காதில் விழுந்தது நல்ல தண்ணி ஊத்து. நடுவில் இருந்த ஒரு நெடிலைக் கடல் குடித்துவிட்டது. தண்ணி நல்லா ஊத்து என்று வார்த்தையை முன்னே பின்னே மாற்றிப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஊரில் இருக்கிற எந்தப் பிள்ளையும் தண்ணி என்ற வார்த்தைக்கு முன்னால் 'நல்லா'வைப் போடாது, எந்தத் தண்ணி என்று ஒரு குழப்பம் வரும் என்று நாக்குக்கே தெரியும். எனக்கு மறந்துபோயிருந்தது. இங்கே குழாயைத் திறந்தால் வருவது தண்ணீர், அவ்வளவுதான்.

இன்னொரு கொடுமை கேளுங்கள். குழியில் கொட்டுகிற உப்பே கரன்டை நன்றாக வாங்கட்டும் என்றுதான். அந்தக் குழிக்கு உப்புத் தண்ணீர் இன்னும் விசேஷம். தெருக் குழாயில் கேட்பாரில்லாமல் ஒழுகுகிற தண்ணீரே போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும்.

அம்மா மறுபடி கேட்கவில்லை. பம்ப் விஷயத்துக்கு அப்புறம் அவள் போனில் எதையுமே மறுபடி கேட்பதில்லை என்பதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். முன்னாலெல்லாம், என்ன சொன்ன, கேக்கல, இன்னொருக்காச் சொல்லு என்று உயிரை வாங்குவாள். அப்புறம் எதற்கெடுத்தாலும் சரி தாயிதான். லைன் நன்றாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனோம். ஒரு கிறிஸ்துமஸுக்கு. மற்ற வருஷங்களில் லைசென்ஸ் புதுப்பிப்பு, வீட்டுக் கடன், ரோசிக்கு நீச்சல் வகுப்பு என்று ஏதோ ஒன்று. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மிஷின் மேல் அம்மா தன் கல்யாணப் புடவை பார்டரை வைத்துத் தைத்த உறையைப் போட்டு வைத்திருந்தாள். நாங்கள் வந்த அன்றைக்குத்தான் உறையை எடுத்தார்கள். அப்பா பனிக்கு ஒரு நாளாவது சூட்டைப் போட்டுப் படுத்தாரா என்று கேட்டேன். "எனக்குத் துண்டு போதும்பா. அது பிள்ளைக்குன்னு வச்சது" என்றார்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். எர்த் குழி ஈரமாக, மண் கறுத்து, ஓரத்தில் பசும்பாசி படிந்திருந்தது. எங்கள் தெருவிலேயே பசுமையாக இருந்த இடம் அது ஒன்றுதான். மீட்டர் வைத்துப் பார்த்தேன், அருமையான ரீடிங்.

"பரவாயில்லையேம்மா, சொன்னபடி செய்றியே" என்றேன்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பார்வதி அக்காவைக் கூப்பிட்டு, "எம் பிள்ள மிஷின வச்சுப் பாத்துட்டுச் சொல்லிட்டா, சரியா இருக்காம்" என்று சொன்னாள். எந்தத் தண்ணி ஊற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. நான் அந்த ஏ.சி. அறையில் பிள்ளையோடு போர்த்திக்கொண்டு எழுந்திருப்பதற்குள் அவள் ஊற்றி முடித்திருப்பாள். அந்த நாட்களில் குழம்பும் வெஞ்சனமும் எங்களுக்கு வகைவகையாக வந்தன. சாப்பிடும்போது அம்மா மட்டும் செம்பைக் கொஞ்சமாகச் சாய்த்துக் குடிப்பாள். வயசாச்சு, தாகம் குறைந்துவிட்டது என்று நான் நினைத்தேன். சீ.

6

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். சேகரிடம் சொல்லி, தண்ணீரே கேட்காத புது மாதிரி எர்த் போடச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அப்போதும் ஏன் என்று அம்மா கேட்பாள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாலும் அத்தை சரி தாயின்னுதான் சொல்லப்போறாங்க, அப்புறம் என்ன என்றார். அவர் நல்லதாகத்தான் சொன்னார், எனக்குச் சுருக்கென்றது.

கடைசியில் ஒரு பொய்யை யோசித்து எடுத்தேன். கம்பெனியில் விதி மாறிவிட்டது, இனிமேல் உப்புத் தண்ணி ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவது. இத்தனை நாள் செய்ததும் சரி, இனிமேல் செய்வதும் சரி. யாருக்கும் தலைகுனிவு இல்லை. கார்டைச் சுரண்டினேன்.

"என்னத்தா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமகூட இல்லையே. பிள்ளைக்கு மேலுக்கு ஒண்ணுமில்லையே?"

"எல்லாரும் நல்லா இருக்கோம்மா. அந்த எர்த் குழி இருக்குல்ல…"

"காலையிலயே ஊத்திட்டேன் தாயி."

"இனிமே அதுக்கு உப்புத் தண்ணி ஊத்தும்மா. கம்பெனியில புதுசாச் சொல்லிருக்காங்க. அதுதான் அதுக்கு நல்லதாம்."

அம்மா சரி தாயி என்று சொல்லவில்லை.

"அப்ப இம்புட்டு வருசம் நல்ல தண்ணி ஊத்துனது கெடுதியா? பிள்ள அந்த ரூமுலதான படுத்துச்சு? ஏத்தா, ஒண்ணும் ஆகிருக்காதுல்ல? பிள்ளைய ஒரு டாக்டர்ட்ட காட்டிரு."

யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் நான் யோசித்து எடுத்த பொய் இந்த லட்சணத்தில் போய் முடிந்தது.

"அய்யோ, இல்லம்மா. எந்தத் தண்ணியும் ஒண்ணும் பண்ணாது. கம்பெனியும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன். அம்மா, நான் அன்னைக்கு நல்ல தண்ணி ஊத்தச் சொல்லல. நல்லா ஊத்துன்னு சொன்னேன். நெறையா ஊத்துன்னு."

அந்தப் பக்கம் பார்வதி அக்கா வீட்டுச் சேவல் கூவுவது தெளிவாகக் கேட்டது. இப்போதெல்லாம் லைன் அவ்வளவு நன்றாக இருக்கிறது.

"அது தெரியும்" என்றாள் அம்மா.

"தெரியுமா?"

"அன்னைக்கே ஒரு சந்தேகந்தான். இவ என்ன, நல்ல தண்ணியப் போயி மண்ணுல ஊத்தச் சொல்றா, நல்லா ஊத்துன்னு சொல்லிருப்பாளோன்னு. வாய் வரைக்கும் வந்துருச்சு. கேட்டா நீ சிரிப்ப. பம்புக்குச் சிரிச்சீல்ல, அது மாதிரி."

"சேகர்ட்டயாச்சும் கேட்டிருக்கலாம்லம்மா."

"அவன் ஒன்ட்ட சொல்லிருவான். நீங்க ரெண்டு பேரும் சேந்து சிரிப்பீங்க." கோபமே இல்லை அவள் குரலில், வெயில் கூடிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். "அதுவுமில்லாம பிள்ள கை வைக்கிற மிஷினு. சந்தேகம்னு வந்துருச்சு, அப்ப நல்ல தண்ணியே இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். ஒரு கொடந்தான தாயி."

ஒரு குடம்தான். அந்த ஒரு குடத்துக்கு எங்கே நிற்க வேண்டும், யாரோடு மல்லுக்கட்ட வேண்டும், இடுப்பில் வைத்து எத்தனை படி ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்தத் தெருவில் தூக்கியவள்தான். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன், ஆனாலும் மூச்சு முட்டி முட்டி வெளியே வந்தது, தோள் குலுங்கியது.

"ஏத்தா ஜெயா. என்ன, சத்தத்தையே காணோம்?"

கொஞ்ச நேரம் காதைக் கூர்மையாக்கிக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சிரிக்கிறியா?"